வாசகர் கேள்வி – பதில்: கூடத்தில் இசைக்குழு கேட்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும், சுமார் 500 முதல் 1,500 பேர் வரை கொள்ளும் கூடங்களில் நடைபெறும் இசைக்குழு நிகழ்ச்சிகளைப் பற்றிச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். விளையாட்டு அரங்குகளில் நடக்கும் பெரிய நிகழ்ச்சிகளைப் பற்றிய கடிதங்கள் பின்னொரு இதழுக்கு.

கேள்வி: எனக்குப் பிடித்த ராக் குழு நகரத்துக் கூடமொன்றில் வாசிக்கிறது என்று அறிந்து, முன்கூட்டியே சென்று மேடையை ஒட்டி நின்றேன். டிரம்ஸும் கிட்டாரும் காதைப் பிளந்தன. பாடகர் வாயசைத்தது தெரிந்ததே தவிர, ஒரு சொல்கூட விளங்கவில்லை. எனக்குப் பின்னால் வெகு தூரத்தில் நின்ற என் மைத்துனரோ, பாட்டு மிகத் தெளிவாக இருந்தது என்று சாதிக்கிறார். யாருக்குக் காது கோளாறு?
— வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: இருவருக்கும் இல்லை. கோளாறு நீங்கள் நின்ற இடத்தில் இருக்கிறது. இத்தகைய கூடங்களின் இயல்பே இதற்குக் காரணம் என்பதால், சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

விளையாட்டு அரங்கு போன்ற பெரிய இடத்தில் நாம் கேட்பது ஏறக்குறைய முழுவதும் ஒலிபெருக்கி வழியாக வருவதுதான். சிறிய உணவகத்தில் வாசிக்கும் குழுவுக்குக் கருவிகளின் சொந்த ஒலியே பெரும்பாலும் போதுமானது. நடுத்தரக் கூடத்தில் மேடையிலிருந்து நேராக வரும் ஒலியும் ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலியும் கலந்தே காதில் விழுகின்றன. அந்தக் கலவையில் எது எவ்வளவு என்பது நாம் நிற்கும் இடத்துக்கு இடம் மாறும். டிரம்ஸுக்கு ஒலிவாங்கியே தேவையில்லை. ஓங்கி அடித்தால் முதல் வரிசையில் 100 டெசிபலைத் தொட்டுவிடும். கிட்டார் வாசிப்பவர் தமக்குப் பின்னால் வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயரின் ஒலி, கைவிளக்கின் வெளிச்சத்தைப் போல ஒரே திசையில் பாயக்கூடியது. அது வாசிப்பவரின் முழங்காலைக் கடந்து, மேடைக்குக் கீழே நிற்கிற உங்கள் முகத்துக்கு நேராக வரும். அதனால்தான் அனுபவமுள்ள ஒலிப்பொறியாளர்கள் அந்தப் பெட்டியைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைக்கச் சொல்லிக் கிட்டார்க்காரருடன் மல்லுக்கு நிற்பதைப் பார்க்கலாம்.

பாடகரின் குரல் நிலைமை வேறு. அது மேடையின் இருபுறமும் உயரத்தில் வைத்த பெட்டிகளிலிருந்து, கூடத்தின் நடுப்பகுதியைக் குறிவைத்து, உங்கள் தலைக்கு மேலாகவே போய்விடுகிறது. பாடகரின் காலடியில் சாய்வாகக் கிடக்கும் பெட்டிகள் உங்களுக்காக வைக்கப்பட்டவை அல்ல. தம் குரலைத் தாமே கேட்டுக்கொள்வதற்காக அவர் தம்மை நோக்கி வைத்துக்கொண்டவை. முன்வரிசைக்கென்று மேடை விளிம்பில் சிறு ஒலிபெருக்கிகளை வைப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் எல்லாக் கூடங்களிலும் அவை இருப்பதில்லை.

ஒலிப்பொறியாளர் அமர்ந்திருக்கும் மிக்ஸர் மேசை எங்கே இருக்கிறது என்று உள்ளே நுழைந்தவுடன் பாருங்கள். அவர் தம் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார். ஆகவே அந்த மேசைக்குச் சில அடி முன்னால், கூடத்தின் நடுக்கோட்டுக்கு அருகில் நிற்பவருக்கு அவர் கேட்கும் அதே பாட்டு கேட்கும். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக மேசையை ஒரு மூலைக்கோ மாடத்துக்கு அடியிலோ தள்ளிவிடுகிற கூடங்களில் இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே அவரே ஊகத்தில்தான் வேலை செய்துகொண்டிருப்பார். நீங்கள் நடுவில் நின்றால் போதும். பின்சுவரை ஒட்டியும் மூலைகளிலும் தாழ்ந்த சுரங்கள் குவிந்து, பேஸ் கிட்டார் வெறும் உறுமலாகிவிடும். மாடத்துக்கு அடியில் ஆழமாகப் போய்விட்டாலோ, உயர்ந்த சுரங்கள் மங்கிப் பாட்டு பெட்டிக்குள் அடைபட்டதுபோல் கேட்கும்.

இன்னொன்றும் உண்டு. நிகழ்ச்சிக்கு முன் நடக்கும் ஒலிச் சோதனை காலிக் கூடத்தில் நடக்கிறது. நூற்றுக்கணக்கானோர் வந்து நிறைந்ததும் அவர்களுடைய உடலும் உடையும் உயர்ந்த சுரங்களை உறிஞ்சிக்கொள்வதால், மாலையில் சரியாக இருந்த அமைப்பு இரவில் பொருந்தாது. முதல் இரண்டு பாடல்களுக்குள் பொறியாளர் அதைத் திருத்திக்கொண்டிருப்பார். அந்த இரண்டு பாடல்களை வைத்து எந்தக் குழுவையும் எடைபோட வேண்டாம். 1910இல் திறக்கப்பட்ட டர்பன் நகர மண்டபம் போன்ற பழைய கட்டடங்கள், மின் ஒலிபெருக்கியே இல்லாத காலத்தில் குழாய் ஆர்கனுக்கும் பாடகர் குழுவுக்கும் ஏற்பக் கட்டப்பட்டவை. அத்தகைய கூடத்தில் எதிரொலி நீண்டு நிற்கும் என்பதால், வேகமான டிரம்ஸ் அடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும்; அங்கே குறைந்த சத்தத்தில் வாசிக்கத் தெரிந்த குழுவே வெல்லும்.

மேடையை ஒட்டி நிற்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு என்பதையும் மறுக்கவில்லை. கிட்டார்க்காரரின் விரல்களைப் பார்க்க விரும்புகிறவர் அங்கேதான் நிற்க வேண்டும். பாட்டின் சொற்களைக் கேட்க விரும்பினால், அடுத்த முறை மைத்துனருடன் நில்லுங்கள்.

கேள்வி: நுழைவுச்சீட்டில் மாலை 7 மணி என்று போட்டிருந்தது. நாங்கள் கேட்கச் சென்ற குழு மேடையேறியபோது மணி ஒன்பதரை. அதுவரை பெயர் தெரியாத ஒரு குழுவைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. இது ஏமாற்று வேலை அல்லவா?
— வாசகர், டோங்காட்

பதில்: இல்லை ஐயா. இத்தகைய நிகழ்ச்சிகளில் சீட்டில் உள்ள நேரம் பெரும்பாலும் கதவு திறக்கும் நேரம். அதன்பின் முதல் குழு அரைமணி, முக்கால்மணி வாசிக்கும். பிறகு டிரம்ஸையும் ஒலிவாங்கிகளையும் மாற்றிப் பொருத்த மேலும் இருபது, முப்பது நிமிடங்கள் போகும். எந்தக் குழு எத்தனை மணிக்கு என்ற விவரத்தைக் கூடத்தார் தங்கள் சமூக வலைப்பக்கத்தில் அன்று பிற்பகலில் வெளியிடுவது வழக்கம். வெளியிடாவிட்டால் தொலைபேசியில் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால், பெயர் தெரியாத குழு என்று நீங்கள் எழுதியிருக்கும் தொனியோடு எங்களுக்கு உடன்பாடில்லை. அவர்களுக்கு ஒலிச் சோதனைக்கு நேரமே கிடைத்திருக்காது. மேடையின் முன்விளிம்பில் ஒதுக்கப்பட்ட சிறிய இடத்தில், முக்கியக் குழுவின் கருவிகளுக்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு, பாதி காலியான கூடத்துக்கு வாசித்திருப்பார்கள். பெரிய குழுக்களும் இப்படித்தான் தொடங்கின. காத்திருக்கவே முடியாது என்பவர்களுக்கு வேறு இடங்கள் உண்டு. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹவர்ட் கல்லூரி வளாகத்தில் உள்ள ஜாஸ் மையம், பாடம் நடைபெறும் காலத்தில் புதன்கிழமை மாலைகளில் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு நல்ல பெயர் உண்டு. 1983இல் அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் டேரியஸ் புரூபெக் அங்கே வந்து ஜாஸ் கல்வியைத் தொடங்கி வைத்ததிலிருந்து வளர்ந்த மரபு அது. அலுவலகம் முடிந்து நேராகச் சென்று, கேட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

கேள்வி: நிகழ்ச்சி முடிந்து வந்த பின் இரண்டு நாள் காதில் ‘ஙொய்’ என்ற இரைச்சல் இருந்தது. தானே போய்விட்டது. கவலைப்பட வேண்டுமா?
— வாசகி, மியர்பேங்க்

பதில்: இரைச்சல் போய்விட்டது என்பதால் பாதிப்பும் போய்விட்டது என்று பொருளில்லை. உள்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் அளவுக்கு மீறி உழைத்ததன் அடையாளமே அந்த இரைச்சல். முற்றிலும் அழிந்துபோன செல்கள் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை.

தொழிற்சாலைகளில் 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது வழக்கமான வரையறை. காதுநலத்தார் பலர் பின்பற்றும் கணக்கின்படி, ஒலி ஒவ்வொரு 3 டெசிபல் உயரும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது: 88 டெசிபலுக்கு 4 மணி நேரம், 91க்கு 2, 94க்கு 1, 100 டெசிபலை எட்டும்போது எஞ்சுவது வெறும் 15 நிமிடம். ராக் குழு ஒன்று கூடத்தில் அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். நீங்கள் நிற்பதோ மூன்று மணி நேரம். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கென்று வெளியிட்ட நெறிமுறையில், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பதோடு, வந்தவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும், காதுக்கு ஓய்வு தர அமைதியான ஓர் இடமும் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அது பரிந்துரைதான். நம் காதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பானே போதும். ஆனால் அதைப் போடும் முறை இருக்கிறது. விரல்களுக்கிடையே மெல்லிய குச்சிபோல உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேல்நோக்கி இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரிந்து நிரம்பும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயனில்லை. அது உயர்ந்த சுரங்களை அதிகமாக மறைத்து இசையை மந்தமாக்குகிறது என்று தோன்றினால், இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் வகையை வாங்கலாம். அது எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால் பாட்டு பாட்டாகவே கேட்கும். அடுத்த முறை இரைச்சல் ஓரிரு நாளில் அடங்காவிட்டால் செவியியல் வல்லுநரிடம் காட்டுங்கள். காவடி ஊர்வலத்தில் மேளத்தை ஒட்டி நடப்பவர்களுக்கும் இதே கணக்குதான். அங்கே யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. தோழிகளுடன் ஓர் இசைக்குழு நிகழ்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். என் மாமியார், ‘துரோப்’ நடந்ததை மறந்துவிட்டாயா என்று கேட்டுக் கூடாது என்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, உங்கள் மாமியாரின் அச்சத்தை வெறும் பழைமை என்று ஒதுக்கிவிட முடியாது. இளம் வாசகர்களுக்காகச் சொல்கிறோம்: 2000ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்த துரோப் என்ற இரவு விடுதியில், பள்ளி விடுமுறைக்கென்று கூடியிருந்த பிள்ளைகள் நடுவே கண்ணீர்ப்புகை வெடித்து, வெளியேற முண்டியடித்த நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். அந்த ஊரில் அந்த நாளை மறந்த குடும்பம் இருக்க முடியாது. மறு ஆண்டு ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் கால்பந்து அரங்க நெரிசலில் 43 பேர் இறந்தார்கள். விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கென்று 2010இல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் அது முதன்மையாக 2,000 பேரும் அதற்கு மேலும் கொள்ளும் இடங்களை நோக்கியது. அதற்குக் குறைந்த கூடங்கள் மாநகராட்சி விதிகளையும் தீயணைப்புத் துறையின் ஒப்புதலையும் நம்பி நடப்பவை. நடத்துகிறவரின் நேர்மைக்குத் தக்கபடி ஒவ்வொரு கூடமும் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே கூடாது என்றோ சரி என்றோ பொதுவாகச் சொல்வதைவிட, அந்தக் கூடத்தைப் பாருங்கள் என்பதே எங்கள் விடை. முதல் முறை மகளுடன் நீங்களோ, அவளுடைய சித்தப்பா, மாமா யாராவதோ செல்லுங்கள். தோழிகளுக்கு முன்னால் அவள் வெட்கப்பட்டால், பத்தடி தள்ளி நின்றுகொள்ளலாம். உள்ளே போனதும், வந்த வாசலைத் தவிர வேறு எந்த வாசல்கள் இருக்கின்றன, அவை பூட்டப்படாமலும் முன்னால் நாற்காலியோ பெட்டியோ அடுக்கப்படாமலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாசலில் பையைச் சோதிக்கிறார்களா, உள்ளே போகிறவர்களை யாராவது எண்ணுகிறார்களா என்பதைக் கவனியுங்கள். எண்ணாத கூடத்துக்குத் தன் கொள்ளளவு தெரியாது. பிரிந்துபோனால் வந்து சேர வேண்டிய இடம் ஒன்றை, கூடத்துக்கு வெளியே, முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய கூட்டத்தில் கைபேசி மணி காதில் விழாது.

18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மது விற்பது சட்டப்படி குற்றம் என்பதால், சில கூடங்கள் அந்த வயதினரை உள்ளேயே விடுவதில்லை. சில, பெரியவருடன் வந்தால் மட்டும் விடுகின்றன. சீட்டு வாங்குமுன் கேட்டுவிடுங்கள். இரவு பத்தரைக்கு மேல் மினிபஸ் டாக்சியை நம்பி நகரத்தில் நிற்க வேண்டாம். திரும்பும் வண்டிக்கு ஏற்பாடு இல்லாவிட்டால் அன்று போகாமலிருப்பதே நல்லது.

கேள்வி: பணம் கட்டிச் சீட்டு வாங்கியும், கூடம் நிறைந்துவிட்டது என்று வாசலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘சீட்டுப் பணம் திரும்பத் தரப்பட மாட்டாது’ என்று சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறது.
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அச்சிட்டதால் அது சட்டமாகிவிடாது. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, கொள்ளளவுக்கு மேல் விற்றுவிட்டு இடம் தர முடியாதவர், கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்; அதனால் உங்களுக்கு நேரடியாக ஏற்பட்ட செலவுக்கும் அவர் பொறுப்பாளி. எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்திடம் முறையிடலாம். ஆனால் சீட்டை விற்பனை நிறுவனத்திடம் வாங்காமல் வாட்ஸ்அப்பில் யாரிடமோ படமாக வாங்கியிருந்தால் கதை வேறு. ஒரே குறியீட்டைப் பத்துப் பேருக்கு விற்றிருப்பார்கள். முதலில் வந்தவர் உள்ளே போயிருப்பார்.

கேள்வி: நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் கல்யாணங்களிலும் கோயில் விழாக்களிலும் அருமையாக வாசிக்கிறார்கள். நகரத்துக் கூடங்களின் மேடையில் மட்டும் அவர்களைக் காண முடிவதில்லையே, ஏன்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், வெருலம்

பதில்: காரணங்களில் பாதி வரலாற்றில் இருக்கிறது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் யார் எந்தக் கூடத்தில் வாசிக்கலாம், யார் அமர்ந்து கேட்கலாம் என்பதைத் தோலின் நிறம் தீர்மானித்தது. 1963இல் ஸ்டீவ் ஃபத்தார் முதலானோர் டர்பனில் தொடங்கிய ‘தி ஃபிளேம்ஸ்’ ராக் குழுவை உங்கள் தலைமுறையினர் அறிவார்கள். இவ்வளவு திறமையிருந்தும் 1960களின் இறுதியில் அவர்கள் லண்டனுக்குப் போனார்கள். பின்னர் அமெரிக்காவில், அந்நாட்டின் புகழ்பெற்ற பீச் பாய்ஸ் குழுவின் கார்ல் வில்சன் அவர்களுடைய இசைத்தட்டைத் தயாரித்தார். 1972இல் ஃபிளேம்ஸ் குழுவின் ரிக்கி ஃபத்தாரும் பிளாண்டி சாப்ளினும் பீச் பாய்ஸ் குழுவிலேயே சேர்ந்துவிட்டார்கள். இங்கே இருக்க வேண்டிய ஒரு குழு இப்படித்தான் கலைந்தது. 1980களின் தொடக்கத்தில் பைன்டவுனில் ரெயின்போ உணவகம் எல்லா இனத்தாருக்கும் ஜாஸ் கேட்க இடம் கொடுத்ததை இன்றும் பலர் நன்றியோடு பேசுவதற்கு, அப்படிப்பட்ட இடம் அப்போது எவ்வளவு அரிதாக இருந்தது என்பதே காரணம்.

மறு பாதி கணக்கு வழக்கு. கல்யாணத்தில் வாசிக்கும் குழுவுக்கு எத்தனை பேர் வந்தாலும் பேசிய தொகை கைக்கு வந்துவிடும். கூடத்தில் பெரும்பாலும் சீட்டு விற்ற பணத்தில் பங்கு. மழை பெய்தாலோ அன்றைக்கு ரக்பி ஆட்டம் இருந்தாலோ பெட்ரோல் செலவுகூட மிஞ்சாது. அதைவிட முக்கியமானது, கல்யாண வீட்டார் கேட்பது தெரிந்த திரைப்பாடல்களை; கூடத்துக்கு வருகிறவர் கேட்பது அந்தக் குழுவின் சொந்தப் பாடல்களை. முதல் வேலையில் தேர்ந்தவர்கள் இரண்டாவதற்குத் தாமாக நேரம் ஒதுக்கினால்தான் உண்டு. நம் நாட்டு ஈஸ்ட் லண்டன் நகரில் பிறந்த டிரம்ஸ் கலைஞர் கேசிவன் நாயுடு, 2009இல் ஸ்டாண்டர்ட் வங்கியின் இளம் ஜாஸ் கலைஞர் விருதைப் பெற்றது சொந்த இசையை எழுதி, சொந்தக் குழுக்களை நடத்தியதனால்தான்.

குறை நம்மிடமும் இருக்கிறது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தென்னிந்தியாவிலிருந்து பாடகர் வந்தால் ஆயிரம் ரேண்டுக்கு மேல் கொடுத்துக் குடும்பத்தோடு போகிற நாம், பக்கத்துத் தெருப் பிள்ளை நூறு ரேண்டுச் சீட்டில் சொந்தப் பாட்டோடு மேடையேறும்போது, இலவசச் சீட்டு இருக்கிறதா என்று கேட்கிறோம்.

கேள்வி: வீட்டிலிருந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு போகலாமா?
— வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: பெரும்பாலான கூடங்களில் முடியாது. ஆனால் அம்பிலோவில் உள்ள ரம்பலோ அரங்கு போன்று, மேசை போட்டு அமர்ந்து கேட்கும் சில இடங்களில் கூடையோடு வருவதே வழக்கம். அங்கே பக்கத்து மேசையிலிருந்து சமோசா நம் மேசைக்கு வந்துசேர்வதும் உண்டு.

கேள்வி: எனக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. நின்றுகொண்டே கேட்கும் நிகழ்ச்சிக்குப் போக முடியாது. எனக்கும் நேரில் கேட்க ஆசை.
— தாத்தா ஒருவர், டோங்காட்

பதில்: ஐயா, ‘முழுவதும் இருக்கை’ என்று சீட்டு விற்பனைப் பக்கத்தில் குறித்திருக்கும் நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுங்கள். 1935இல் திரையரங்காகத் திறக்கப்பட்டு 1980களில் கலையரங்காக மாறிய டர்பன் பிளேஹவுஸ் போன்ற இடங்களில் எண்ணிட்ட இருக்கைகள் உண்டு. அத்தகைய இடத்தில் நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்கினால் காலை நீட்டிக்கொள்ளலாம். மாடத்தைத் தவிர்த்துக் கீழ்த்தளத்தை எடுத்தால் படியேற வேண்டியிருக்காது. இருக்கையில்லாத கூடங்களிலும், முன்கூட்டித் தொலைபேசியில் சொன்னால், பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள்; ஆனால் ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் போட்டுவிட்டால் தள்ளிப் போடச் சொல்லுங்கள். கேட்கும்போதே, நிகழ்ச்சிக்கு இடைவேளை உண்டா, கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். பல குழுக்கள் இடைவேளையே விடாமல் ஒன்றரை மணி நேரம் வாசித்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.